வன்னியில் தலைமுறைக் கதை எழுத நினைக்கும் பிள்ளைக்கு

கிளிநொச்சியில் இருந்து, கம்பஸில் இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டது இது: "பண்டாரவன்னியன் காலத்து இளைஞன் ஒருவன், 1961 இல் ஒரு பெண், 90களில் ஒரு மாணவன், 2017 இல் என் வயதுப் பெண் ஒருத்தி என்று நான்கு தலைமுறை எதிர்த்து நின்ற கதையை நாவலாக எழுத ஆசை. இவர்களை எப்படி ஒரே நூலில் கோப்பது? எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கிறார்கள் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?"

பிள்ளை, முப்பது வருடம் ஒட்டுசுட்டான், முள்ளியவளைப் பக்கப் பள்ளிக்கூடங்களில் சரித்திரம் படிப்பித்தவன் நான். உமது கேள்வியைப் பார்த்த இரவு நித்திரை வரவில்லை. இந்தக் கதையை எழுத ஒருவர் வரவேண்டும் என்று நெடுநாளாகக் காத்திருந்தேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பண்டாரவன்னியன் ஆங்கிலேயரோடு போரிட்ட 1803 இலிருந்து 2017 வரை 214 வருடம். அது நான்கு தலைமுறை அல்ல, எட்டு ஒன்பது வரும். நீர் நான்கு பேரை எடுத்தால் நடுவில் நாலைந்து பேர் விடுபட்டுப் போகிறார்கள். அந்த விடுபட்டவர்களை மறைத்து, பண்டாரவன்னியனின் இரத்தம்தான் 2017 பெண்ணின் உடம்பிலும் ஓடுகிறது என்று எழுதினால் மேடைக்கு நல்லாக இருக்கும், கதைக்கு உண்மை போய்விடும். ஆகையால் நேர்கோடு போடாதேயும். நூல் எங்கெங்கே அறுந்ததோ அங்கேதான் உமது கதை இருக்கிறது. வீட்டில் யாரும் கதைக்கிறார்கள் இல்லை என்று குறைப்படுகிறீர். என்னைக் கேட்டால், நீர் எழுதவேண்டியதே அந்த வாய் திறவாமையைத்தான் என்பேன்.

கற்சிலைமடுவுக்குப் போயிருக்கிறீரா? ஒட்டுசுட்டான் பக்கம். பண்டாரவன்னியனுக்கு அங்கே நட்ட பழைய கல் ஒன்று உண்டு என்று சின்ன வயதில் எங்களைக் கூட்டிப் போனார்கள். ஒன்பதோ பத்தோ வயது எனக்கு. வீரவணக்கம் எழுதியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஆங்கிலத்தில் நாலு வரிதான். வாத்தியார் ஒவ்வொரு சொல்லாக விரலால் தொட்டுப் பொருள் சொன்னார்: இவ்விடத்துக்கு அண்மையில் 1803 ஒக்ரோபர் 31 அன்று கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார். அவ்வளவும்தான். வென்ற பக்கம் தன் வெற்றிக்கு நட்ட கல். அதற்குத்தான் எங்கள் சனம் பூவும் கற்பூரமும் வைத்தது. எதிராளி எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தங்கள் ஆளை நினைவில் வைத்திருந்த சனம் இது. சரித்திரக் கதை எழுதுகிற ஒருவருக்கு இதைவிடப் பெரிய பாடத்தை நான் சொல்லித்தர முடியாது. எங்களைப் பற்றிய பழைய எழுத்தில் பெரும்பகுதி எங்களை அடக்க வந்தவர்கள் எழுதியது. அதை வாசிக்கத்தான் வேண்டும், ஆனால் அவர்கள் எதை ஒரு வரியில் கடந்து போகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து வாசிக்கவேண்டும்.

அந்தக் காலத்தில் உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு. யானைத் திறை கேட்ட ஒல்லாந்தர் 1782 இல் படை கொண்டுவந்து வன்னியர்கள் என்ற வன்னிச் சிற்றரசர்களின் ஆட்சியை முறித்தார்கள். வன்னிச்சி, அதாவது பெண் சிற்றரசி, மரியா செம்பாத்தை கொழும்புக் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். பிறகு ஆங்கிலேயர். 1803 ஓகஸ்ட் 25 அன்று, கண்டியாரின் துணையோடு, பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தார். அங்கே இருந்த ஆங்கிலேயப் படைக் கப்டன் டிறிபேர்க் வள்ளத்தில் ஏறி யாழ்ப்பாணம் தப்பினார். இரண்டு மாதம் கழித்து அதே டிறிபேர்க் திரும்பி வந்து கற்சிலைமடுவில் தாக்கினார். பண்டாரவன்னியன் அன்றே முடிந்தாரா, அதற்குப் பிறகும் சில வருடம் காட்டில் நின்று போரிட்டாரா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்தில்லை. காட்டிக்கொடுத்த காக்கை வன்னியன், காதலி குருவிச்சி நாச்சி எல்லாம் நாடகமும் வாய்வழக்கும் வளர்த்த பாத்திரங்கள். அவர்களை எடுத்தால் எடும், தடையில்லை. ஆனால் தோற்றதற்கெல்லாம் ஒரு துரோகியைக் காட்டித் தப்புகிற பழக்கம் எங்களுக்கு எவ்வளவு கேடு செய்தது என்று யோசித்துவிட்டு எடும்.

உமது 1803 இளைஞன் வன்னியனின் தளபதியாக இருக்கவேண்டியதில்லை. பணிக்கர் வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும். யானை பிடிக்கிறவர்கள் பணிக்கர்கள். திறையாகப் போன ஒவ்வொரு யானைக்கும் பின்னால் கயிறு பிடித்த ஒரு குடும்பம் இருந்தது. வேலப்பணிக்கன் பெண்சாதி அரியாத்தை பேரில் எங்கள் ஊர்களில் ஒப்பாரி பாடுவார்கள், கேட்டிருப்பீர். ஆண்கள் அஞ்சிய மதயானையை அவள் கட்டிக் கொண்டுவந்தாள், பொறாமையில் நஞ்சு கொடுத்துக் கொன்றார்கள். அடக்க வந்தவனைவிட அவளுக்கு எதிரி தன் ஊருக்குள்ளேயே இருந்தான் என்பதை அந்த ஒப்பாரி மறைக்கவில்லை. வற்றாப்பளை அம்மன் பன்னிச்சை மரத்தை உலுப்பி, ஏளனம் செய்த பறங்கித் துரைக்குக் காயால் எறிந்த கதையும் அப்படித்தான், ஆயுதம் இல்லாத சனம் வைகாசிப் பொங்கலுக்கு வைகாசிப் பொங்கல் பாடிப் பாடிக் காத்த கோபம். கல்வெட்டில் இல்லாத எதிர்ப்பு பாட்டில் இருக்கிறது. உமது பாத்திரத்தின் வாய்க்கு அந்தப் பாட்டைக் கொடும், செந்தமிழ் வசனத்தைக் கொடாதேயும்.

அதன் பிறகு வருவதை யாரும் நாவலாக்க விரும்புவதில்லை. காய்ச்சல். குளம் உடைந்து, குளக்கட்டில் காடேறி, மலேரியா ஊர் ஊராகத் துடைத்தது. வன்னிக்கு மாற்றம் வந்தால் உத்தியோகத்தர்கள் பயந்த காலம் அது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவைக் கட்டத் தொடங்கியது 1902 இல், முடிந்தது 1920 இல். அதற்கும் பிறகு, 1940களின் கடைசியில் டிடிரி மருந்து அடித்து நுளம்பை ஒடுக்கிய பின்புதான் குடியேற்றங்களில் சனம் தரித்தது. தீவுப்பகுதியில் இருந்து, வடமராட்சியில் இருந்து, பிறகு மலையகத்தில் இருந்து வந்தவர்கள். ஆகவே உமது 2017 பெண்ணுக்கு 1803 இளைஞன் முப்பாட்டனாக இருப்பதற்குச் சாத்தியம் குறைவு. இருவரையும் சேர்ப்பது ஒரு குளமாகவோ ஒரு துண்டுக் காணியாகவோதான் இருக்கமுடியும். ஒரே துருசால், அதாவது மதகால், இறங்கும் தண்ணீரில் எட்டுத் தலைமுறை கால் கழுவியிருக்கும்.

காணி என்றதும் ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் கதை எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை. குடியேற்றவாசிக்குச் சொந்தம் என்று காணி உறுதி கொடுக்கவில்லை, 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி பெமிற், அதாவது அனுமதிப்பத்திரம், கொடுத்தார்கள். உரித்துக்காரரின் பெயர் எழுதிவைக்காமல் தகப்பன் செத்தால் அந்தச் சட்டத்தின் அட்டவணை மகள்மாருக்கு முன் மகன்மாரை வைத்தது, அதிலும் மூத்தவனை. 2022 இல் திருத்தும்வரை நடைமுறை அதுதான். காட்டை வெட்டினதில் பாதி வேலை பெண்பிள்ளைகள் செய்தது, புழுக்கொடியல் கடித்துக்கொண்டு இரவு இரவாகப் பன்றிக்காவல் இருந்ததும் அவர்கள். காணி அண்ணனுக்கு. உமது 1961 பெண்ணுக்கு இந்தக் கோபம் இருக்கவேண்டும். கச்சேரி என்கிற அரச அலுவலக வாசலில் போய் இருக்கிற துணிவு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வீட்டில் விழுங்கின கோபத்தில் இருந்தும்தான்.

1961 ஐச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஓரளவு தெரிந்த கதை. சிங்களம் மட்டும் நிர்வாக மொழியானதற்கு எதிராகத் தமிழரசுக் கட்சி பெப்ரவரி 20 அன்று யாழ்ப்பாணக் கச்சேரிக்கு முன் தொடங்கிய சத்தியாக்கிரகம் வவுனியாவுக்கும் பரவியது. ஏப்ரல் 14 இல் தனித் தபால் சேவை. அடுத்த சில நாளில் அவசரகாலச் சட்டம், ஆமி, அடி. நாவலுக்கு வேண்டியது தலைவர்களின் பேச்சு அல்ல. வெயிலில் நிலத்தில் குந்தி இருந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனது யார், அந்தப் பெண் வீடு திரும்பினபோது தகப்பன் என்ன கேட்டார் என்பதை எழுதும். எந்தத் தலைமுறையிலும் இளையவர்களுக்கு முதல் சண்டை சொந்த வீட்டுப் படலையில்தான் நடந்தது.

1961 இலிருந்து 90களுக்கு நீர் தாவுகிறீர். தாவக்கூடாது. நடுவில் காந்தீயம் இருக்கிறது. 1977 கலவரத்தில் மலையகத்தில் இருந்தும் தெற்கில் இருந்தும் ஓடிவந்த குடும்பங்களை வவுனியா எல்லைக் காணிகளில் குடியமர்த்தியது அந்த இயக்கம். கட்டடக்கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் தொடங்கியது. படித்த இளையவர்கள் நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்து பாலர் பள்ளி நடத்தினார்கள், கிணறு வெட்டினார்கள். 1983 ஏப்ரலில் அரசாங்கம் இருவரையும் பிடித்தது. யூலை 27 இல் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர் தப்பின டேவிட் நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்து, கிழவராகத் திரும்பி வந்து, 2015 இல் கிளிநொச்சியில் கண்ணை மூடினார்.

டொலர் பாம், கென்ற் பாம் என்ற பண்ணைகளின் பெயர்கள் வரும்போது உமது கை நடுங்கவேண்டும், பிள்ளை. தோட்டத்தில் இருந்து வந்து அங்கே வேர்விட்ட தமிழ்க் குடும்பங்களை 1984 இல் விரட்டினார்கள். அந்த இடத்தில் சிங்களக் கைதிகளையும் அவர்களின் குடும்பங்களையும் கொண்டுவந்து வைத்தார்கள். நவம்பர் கடைசியில் புலிகள் அவர்களைக் கொன்றார்கள், பெண்களும் பிள்ளைகளும் அதற்குள். சில நாளில் பக்கத்து ஒதியமலையில் ஆமி தமிழ் ஆண்களைப் பிடித்துச் சுட்டது. இந்த நாலையும் ஒரே அத்தியாயத்தில், ஒன்றையும் விடாமல் எழுதும் தைரியம் உமக்கு வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் அது பிரசாரம். 1990 ஒக்ரோபரும் அப்படியே. வடக்கில் இருந்து 70,000 க்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். முல்லைத்தீவில் நீராவிப்பிட்டியில் இருந்தும் போனார்கள். 90களில் படிக்கும் உமது மாணவனுக்குப் பக்கத்து வாங்கில் ஒரு இடம் வெறுமையாக இருக்கவேண்டும். அதில் இருந்தவனைப் பற்றி அவன் யாரிடமும் கேட்காமல் இருந்ததையும் எழுதவேண்டும். நானும் அப்போது வகுப்பில் நின்ற வாத்தியார்தான். வரவுப் பதிவேட்டில் அந்தப் பெயர்களுக்கு நேரே கோடு போட்டேன், ஒரு சொல் பேசவில்லை.

மலையகத்துச் சனத்தை ஒரு ஓரத்துப் பாத்திரமாக வைத்துவிடாதேயும். 1948 இல் குடியுரிமை பறிபோனவர்களின் பிள்ளைகள் வன்னியில் காடு வெட்டினார்கள், எங்களில் பலர் அவர்களைத் தோட்டக்காட்டான் என்று கூப்பிட்டோம், கூலிக்குப் பிடித்தோம், பிறகு போர் வந்தபோது எல்லைக் கிராமத்திலும் முன்னரங்கிலும் அவர்களின் பிள்ளைகள் கூடுதலாகச் செத்தார்கள். மலையகத்தார் குடியேறிய தர்மபுரத்து ஆளின் பேச்சு ஒட்டுசுட்டான் ஆளின் பேச்சு அல்ல. அவர் "அங்கிட்டு" என்பார், இவர் "அங்காலை" என்பார். இரண்டையும் காது கொடுத்துக் கேட்டு எழுதும்.

90களுக்கு வந்தால் உமக்குப் பொருள்கள் நிறையக் கிடைக்கும். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தடை, சவர்க்காரத்துக்கும் பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, நூல் போல ஒரு திரி. அந்த வெளிச்சம் ஒரு கொப்பியின் பாதிப் பக்கத்துக்குத்தான் காணும். என்னிடம் படித்த பெடியன் ஒருவன் கேத்திர கணிதப் படத்தைப் பக்கத்தின் இடது பாதியில் மட்டுமே கீறுவான். ஏன் என்று ஒருநாள் ஏசினேன். "சேர், மற்றப் பாதி தங்கச்சிக்கு" என்றான். ஒரு விளக்கு, ஒரு கொப்பி, இரண்டு பிள்ளைகள். செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோவை உயிர்ப்பிப்பார்கள். 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி ஆமியிடம் போனபோது சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று சிதறியது. மரத்துக்குக் கீழே பள்ளிக்கூடம் நடந்தது, ஒரு பள்ளியில் மூன்று பள்ளி. சோதினை எழுதுவதே எதிர்ப்பாக இருந்த காலம் அது. பாலைப்பழக் காலத்தில் பிள்ளைகள் வகுப்புக்கு வாய் ஒட்ட ஒட்ட வருவார்கள். அதையும் எழுதும், சிரிப்பும் இருந்தது.

இனி நீர் கேட்காமல் விட்ட தலைமுறை. 2006 இலிருந்து 2009 வரை. படைக்கு வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் வந்தார்கள். பிறகு ஒன்றோடு நிற்கவில்லை. பிள்ளை பிடிக்கிறார்கள் என்ற சொல் அந்த நாட்களில் ஒவ்வொரு அடுக்களையிலும் கேட்டது. பதினாறு, பதினேழில் அவசர அவசரமாகக் கலியாணம் கட்டிவைத்தார்கள், தாலி இருந்தால் விடுவார்கள் என்று. தானாக விரும்பிப் போன பிள்ளைகளும் இருந்தார்கள், அவர்களின் காரணங்களையும் கொச்சைப்படுத்தாமல் எழுதவேண்டும். ஆனால் போக மறுத்த பிள்ளையை எந்த நாவலும் வீரர் என்று சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பெட்டை அடுக்களைக்குள் வெட்டிய கிடங்கில் ஏழு மாதம் இருந்தாள். மேலே பலகை, பலகைக்கு மேலே விறகு. உள்ளே குந்தி இருக்கலாம், நிமிர ஏலாது. சுவரில் ஒரு தகரப்பேணியின் அடியை வெட்டிப் பதித்து மூச்சுக்கு வழி விட்டிருந்தார்கள். தாய்க்கும் மகளுக்கும் ஒரு ஏற்பாடு. தாய் உலக்கை போட்டால் யாரோ வருகிறார்கள், அசையக்கூடாது. உலக்கைச் சத்தம் நின்று, செம்பு தட்டுப்பட்டால் வெளியே வரலாம். உரலில் நெல்லே இல்லாத நாளிலும் அந்தத் தாய் வெறும் உரலைக் குத்தினாள். அந்தப் பெட்டை கிடங்குக்குள் உயர்தரப் புவியியல் புத்தகத்தை டோர்ச் வெளிச்சத்தில் பாடமாக்கினாள். மேலே எறிகணையும் கிபிர் விமானமும் அரசாங்கத்தினது, வாசலில் வந்து நின்றது எங்கள் ஆட்கள். இரண்டுக்கும் நடுவில் நாலடிக் கிடங்கில் இருந்து "மாட்டேன்" என்று சொன்ன பிள்ளை அவள். இன்றைக்கு அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள். பக்கத்து வீட்டில் மா இடித்தால் தாய் கதையை நிறுத்தி விடுவாள், கை கோப்பையோடு அப்படியே நிற்கும். மகள் ஏன் என்று கேட்டதற்கு "ஒன்றுமில்லை" என்றாளாம்.

2017 உமக்குத் தெரிந்த காலம். சனவரி கடைசியில் கேப்பாப்பிலவு பிலக்குடியிருப்புச் சனம் தங்கள் காணியைக் கேட்டு விமானப்படை முகாமின் வாசலில் தறப்பாள் கட்டி இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் வீதியோரத்தில் வீட்டுப்பாடம் செய்தார்கள். மார்ச் 1 இல் ஏறத்தாழ 42 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் குந்தினார்கள். 1992 இல் இடம்பெயர்ந்த இரணைதீவுச் சனம் 2018 ஏப்ரல் 23 இல் வள்ளங்களில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு யாரையும் கேட்காமல் தங்கள் தீவில் போய் இறங்கியது. இங்கே ஒன்றைக் கவனியும்: பிள்ளைகள் எதிர்க்க, தாய்மார் பயந்து மறித்த காலம் மாறி, தாய்மார் வெயிலில் இருக்க, பிள்ளைகள் "காணும் அம்மா, வீட்டை வாங்கோ" என்று கூப்பிடுகிற காலம் வந்திருக்கிறது. உமது 2017 பெண் தாயைக் கூட்டிப்போக வந்தவளாக இருந்தால்? அம்மாவின் மடியில் இருக்கும் அண்ணனின் படத்தைப் பார்க்கவே அவளுக்கு வெறுப்பாக இருந்தால்? அப்படி ஒருத்தியை எழுதினால் நான் நம்புவேன்.

கடைசியாக, வீட்டில் கதை கேட்கும் விதம். "சண்டையில் என்ன நடந்தது" என்று கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். பொருளைக் கேளும். ஒவ்வொரு இடப்பெயர்விலும் எதைத் தூக்கினீர்கள், எதை விட்டீர்கள், எந்தக் கிணற்றுக்குள் எதைப் போட்டீர்கள். பெமிற் எந்தப் பையில் இருந்தது, அந்தப் பையை முள்ளிவாய்க்காலில் யார் வைத்திருந்தது. மாட்டை எங்கே அவிழ்த்து விட்டீர்கள். மாட்டுக்கு வரும்போது ஆச்சிமார் வாய் திறப்பார்கள், நான் கண்டிருக்கிறேன். ரெக்கோடரை முன்னால் வைக்காதேயும். தேங்காய் துருவிக் கொடும், உழுந்து புடைத்துக் கொடும், கை வேலையில் இருக்கட்டும். அவர்கள் நிறுத்தினால் நீரும் நிறுத்தும். எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று மட்டும் இரவில் கொப்பியில் குறித்து வையும், திகதி போட்டு. ஒரு வருடத்தில் அந்தக் கொப்பியைக் கொண்டு வாரும், இருந்து பார்ப்போம்.